ரோத்துக்கு மாற்றிய பணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கு வயது 46, மனைவிக்கு 43. இருவரும் வேலை பார்க்கிறோம். பழைய கம்பெனியின் 401(கே) என்ற அலுவலக ஓய்வுச் சேமிப்புப் பணம் எனக்கு ஒரு ரோல்ஓவர் ஐ.ஆர்.ஏ. (எடுக்கும்போது வரி கட்டும் தனிநபர் ஓய்வுக் கணக்கு) கணக்கில் இருந்தது. 2026-ல் வரி விகிதம் கூடிவிடும் என்று எல்லோரும் சொன்னதால் 2025 ஜனவரியில் அதிலிருந்து 1,20,000 டாலரை, வரியை முதலிலேயே கட்டிவிட்டு ஓய்வில் வரியின்றி எடுக்கும் ரோத் ஐ.ஆர்.ஏ. கணக்குக்கு மாற்றினேன். அந்தக் கணக்கில் இருந்தவை சில பங்குகள் மட்டுமே. இன்று அதன் மதிப்பு 84,000. இப்போது 1,20,000-க்கும் வரி கட்டச் சொல்லி, ஓய்வுக் கணக்கிலிருந்து வெளியே வந்த தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவம் வந்திருக்கிறது. என் நண்பர் ஒருவர் 2009 வாக்கில் இதே போல மாற்றிவிட்டு, சந்தை விழுந்ததும் பழைய கணக்குக்கே திருப்பிவிட்டார். நானும் அப்படிச் செய்யலாமா? மனைவி 2025 பிப்ரவரியில் தன் ரோத்தில் 7,000 டாலர் போட்டிருக்கிறார். என் மாற்றத்தால் எங்கள் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, அதுவும் தப்பு என்கிறார்கள். வட்டி 6,000 உட்பட எங்கள் வருமானம் 2,41,000. மாற்றிய தொகை இதில் சேரவில்லை. 2024-ல் மொத்த வரி 30,000. 2025-ல் சம்பளத்தில் பிடித்தது 31,500. தனியாக முன்வரி எதுவும் கட்டவில்லை. வங்கியில் 18,000 இருக்கிறது. மீதியை ரோத்திலிருந்தே எடுத்துக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. சில வருடங்களில் கோயம்புத்தூருக்குத் திரும்பும் எண்ணமும் உண்டு.

பதில்:

உங்கள் 1,20,000 டாலர் மாற்றத்தைத் திருப்ப முடியாது. நண்பர் சொன்னது அவர் காலத்தில் சரியாக இருந்தது. 2017 டிசம்பர் 22-ல் கையெழுத்தான வரிச் சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2018 ஜனவரி 1 முதல் செய்த எந்த ரோத் மாற்றத்தையும் பின்னோக்கிக் கொண்டுபோக இயலாது. 2017-ல் மாற்றியவர்களுக்கு மட்டும் 2018 அக்டோபர் 15 வரை அவகாசம் இருந்தது. 2025 ஜூலை 4-ல் வந்த பெரிய வரிச் சட்டமும் இதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அந்தச் சட்டம் 2017-ன் வரி விகிதங்களை நிரந்தரமாக்கியது. நீங்கள் அவசரப்பட்டு மாற்றியதற்குக் காரணமாக இருந்த பயமும் அதோடு போய்விட்டது.

பழைய சலுகையை ஏன் எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஐந்து ரோத் கணக்குகள் திறப்பார். ஒன்றில் அமெரிக்கப் பங்குகள், இன்னொன்றில் வெளிநாட்டுப் பங்குகள், மற்றொன்றில் பத்திரங்கள் என்று பிரித்து மாற்றுவார். ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்து, ஏறிய கணக்கை மட்டும் ரோத்தாக வைத்துக்கொண்டு, இறங்கியவற்றை எல்லாம் 'நான் மாற்றவே இல்லை' என்று திருப்பிவிடுவார். சட்டத்தின் உதவியோடு நடந்த இந்தத் தேர்வை நிறுத்தத்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பழைய விதி இருந்திருந்தால் நீங்கள் எல்லாவற்றையும் திருப்பி, 84,000-ஐ மட்டும் மறுபடி மாற்றியிருக்கலாம். மறைந்துபோன 36,000 டாலருக்கு வரி வந்திருக்காது. மத்திய வரி 24 சதவீதமும் நியூ ஜெர்சியின் 6.37 சதவீதமும் சேர்த்தால் அது 10,933 டாலர். இழப்பின் அளவு அதுதான்.

கணக்கு நிறுவனத்தின் இணையதளத்தில் 'ரீகேரக்டரைசேஷன்' (போட்ட பணத்தை வேறு வகைக் கணக்கில் போட்டதாக மாற்றுவது) என்று ஒரு படிவம் கிடைக்கும். அது நேரடியாகப் போட்ட பணத்துக்கானது. மாற்றிய பணத்துக்கு அதை நிரப்பி அனுப்பாதீர்கள். யாராவது கவனிக்காமல் அதை ஏற்றுக்கொண்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும்: ரோத்திலிருந்து எடுத்த தொகை ஒரு சாதாரண எடுப்பாகவும், டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.வில் (உங்கள் ரோல்ஓவர் கணக்கும் இந்த வகைதான்) போய் விழுந்த தொகை வரம்பு மீறிய பணமாகவும் ஆகிவிடும். வரம்பு மீறிய பணத்துக்கு வருடா வருடம் 6 சதவீதத் தண்டவரி. எடுத்த பணத்தை அறுபது நாளுக்குள் ஓய்வுக் கணக்கில் போட்டுவிடலாம் என்ற ரோல்ஓவர் விதியும் இங்கே உதவாது. ரோத்திலிருந்து டிரெடிஷனலுக்கு ரோல்ஓவர் என்பது சட்டத்தில் கிடையாது. நீங்கள் கேட்காமலே கணக்கு நிறுவனம் தவறுதலாக மாற்றியிருந்தால் அந்தப் பிழையை அவர்கள் திருத்தலாம். ஆனால் நீங்களே உத்தரவு கொடுத்து நடந்த மாற்றத்தை 'பிழை' என்று எழுதிக் கேட்பது பொய்யான பதிவு. அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இனி இந்த மாற்றத்துக்கு உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். 2,41,000-லிருந்து தம்பதிக்கான நிலையான கழிவு 31,500 போனால் 2,09,500. அதன்மேல் 1,20,000 ஏறினால் 3,29,500. 2025-ல் தம்பதியாகக் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 2,06,700 முதல் 3,94,600 வரை 24 சதவீதம். ஆகவே மாற்றிய தொகை முழுவதும் ஒரே படியில் உட்காருகிறது: மத்திய வரி 28,800. மாற்றிய தொகை முதலீட்டு வருமானம் இல்லை. ஆனாலும் அது மொத்த வருமானத்தை 2,50,000-க்கு மேல் தூக்கிவிட்டதால் உங்கள் 6,000 வட்டிக்கு 3.8 சதவீதக் கூடுதல் வரி ஒட்டிக்கொள்கிறது. அது 228 டாலர். நியூ ஜெர்சிக்கு 7,644. மொத்தம் 36,672. சொத்து வரி, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் சேர்த்து நிலையான கழிவுக்கு மேல் காட்ட முடிந்தால் இது கொஞ்சம் குறையும். 2025-க்கு மாநில, உள்ளூர் வரிக் கழிவின் வரம்பு 40,000 ஆகியிருப்பதால் நியூ ஜெர்சிக்காரர்கள் இந்த வருடம் இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

நியூ ஜெர்சிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஐ.ஆர்.ஏ.வில் போடும் பணத்துக்கு இந்த மாநிலம் கழிவு தருவதில்லை. ஆனால் 401(கே)வில் போடும் பணத்தை வருமானத்தில் சேர்ப்பதும் இல்லை. உங்களுடையது 401(கே)விலிருந்து வந்ததாகச் சொல்கிறீர்கள். எனவே மாநில வரி முழுதாக வரும். அதே கணக்கில் நீங்கள் வருடா வருடம் தனியாக ஐ.ஆர்.ஏ. பணமும் போட்டிருந்தால் அந்தப் பங்குக்கு மாநில வரி ஏற்கெனவே கட்டியாயிற்று. பழைய கணக்குகளை எடுத்துப் பாருங்கள். மத்திய வரிக்கும் இதே தேடல் தேவை: முன்பு எந்த வருடமாவது கழிவு இல்லாமல் ஐ.ஆர்.ஏ.வில் போட்டு, அதைப் பதிவு செய்யும் ஃபார்ம் 8606 கொடுத்திருந்தால், கடைசியாகக் கொடுத்ததில் 14-ஆம் வரியில் ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகையின் விகிதப் பங்கு வரியிலிருந்து தப்பும். 1099-ஆரில் 2ஏ பெட்டியில் 1,20,000 என்று இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். பக்கத்திலேயே 'வரிக்குரிய தொகை தீர்மானிக்கப்படவில்லை' என்ற கட்டம் குறிக்கப்பட்டிருக்கும். தீர்மானிப்பது 8606 தான்.

அதே 1099-ஆரில் 7-ஆம் பெட்டியைப் பாருங்கள். 59½ வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு நேரடி மாற்றம் என்றால் குறியீடு 2 இருக்க வேண்டும். 1 என்று இருந்தால் வரி மென்பொருள் அதை முன்கூட்டிய எடுப்பாகக் கருதி 12,000 டாலர் தண்டவரி போட்டுவிடும். அப்படியானால் கணக்கு நிறுவனத்திடம் திருத்தப்பட்ட படிவம் கேளுங்கள். நான்காவது பெட்டியில் பிடித்த வரி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடித்த தொகை ரோத்துக்குப் போய்ச் சேரவில்லை. அது மட்டும் எடுப்பாகக் கணக்காகி 10 சதவீதத் தண்டவரிக்கு உட்படும். மாற்றும்போது 'வரி பிடிக்க வேண்டாம்' என்று குறிக்கத் தவறுவது இதில் அடிக்கடி நடக்கும் பிழை. பிடித்துவிட்டால், அதே அளவு பணத்தைக் கைக்காசிலிருந்து 60 நாளுக்குள் ரோத்தில் போட்டு ஈடுகட்டலாம். உங்களுக்கு அந்த நாள்கள் கடந்துவிட்டன.

முன்வரி கட்டவில்லை என்ற கவலை தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது. முந்தைய வருட வருமானம் 1,50,000-க்கு மேல் இருந்தவர் முந்தைய வருட வரியில் 110 சதவீதத்தை அந்த வருடத்துக்குள் கட்டியிருந்தால், இந்த வருடம் எவ்வளவு வரி ஏறினாலும் முன்வரி அபராதம் இல்லை. உங்களுக்கு அது 33,000. சம்பளத்தில் பிடித்தது 31,500. குறைவது 1,500 மட்டுமே. அபராதமும் அந்த 1,500-க்கு மட்டும்தான், 28,800-க்கு வராது. நான்கு தவணையாகப் பிரித்து, 7 சதவீத ஆண்டு விகிதத்தில், ஏறக்குறைய 70 டாலர். ஃபார்ம் 2210 அதைக் கணக்கிட்டுத் தரும். வருமானம் வந்த காலத்தைப் பிரித்துக் காட்டும் முறை அந்தப் படிவத்தில் உண்டு. ஆனால் நீங்கள் மாற்றியது ஜனவரியில் என்பதால் அது உதவாது. நவம்பரில் மாற்றியிருந்தால் உதவியிருக்கும். மாநிலத்துக்கு என்ஜே-2210 என்று தனிப் படிவம், தனிக் கணக்கு.

இரு பிள்ளைகளுக்கான சலுகை 4,400 கழித்தபின் ஏப்ரல் 15-க்குள் மத்திய அரசுக்கு நீங்கள் கட்டவேண்டிய மிச்சம் சுமார் 29,100. அதற்கு முன்னால் மகளின் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 2025 டிசம்பர் 31 அன்று 17 நிரம்பியிருந்தால் அவருக்கு 2,200 கிடைக்காது, 500 தான்.

ரோத்திலிருந்து எடுத்துக் கட்டும் யோசனையைக் கைவிடுங்கள். ரோத்திலிருந்து எடுக்கும்போது முதலில் வெளியே வருவது நீங்கள் நேரடியாகப் போட்ட பணம். அதற்கு வரியோ தண்டவரியோ இல்லை. அடுத்து வருவது மாற்றிய பணம். ஐந்து வருடம் முடியாமல், 59½ வயதும் ஆகாமல் அதை எடுத்தால், வரி கட்டிய பணமாகவே இருந்தாலும், 10 சதவீதம் போகும். 2025-ல் செய்த மாற்றத்துக்குக் கடிகாரம் 2025 ஜனவரி 1-ல் தொடங்கி 2030 ஜனவரி 1-ல் முடிகிறது. 30,000 எடுத்தால் 3,000 டாலர் தண்டம். தவிர, விழுந்த விலையில் பங்குகளை விற்க வேண்டும். ரோத்தில் காலியான இடத்தைப் பின்னர் பெரிய அளவில் நிரப்பவும் முடியாது.

இதற்கு மாற்று வழி சாதாரணமானது. கணக்கைத் தேதிக்குள் கொடுங்கள். கையில் உள்ளதைக் கட்டுங்கள். மீதிக்கு மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் தவணைத் திட்டம் கேளுங்கள். 180 நாளுக்குள் அடைத்துவிட முடிந்தால் அந்தக் குறுகிய திட்டத்துக்குப் பதிவுக் கட்டணம்கூட இல்லை. நீண்ட தவணை என்றால், கணக்கைத் தேதிக்குள் கொடுத்தவருக்குத் தாமதக் கட்டணம் மாதம் 0.5 சதவீதத்திலிருந்து 0.25 ஆகக் குறைகிறது, வட்டி தனி. வங்கியில் உள்ள 18,000 போக மீதி வரும் பதினோராயிரம் டாலரை ஒரு வருடத்தில் சீராக அடைத்தால் செலவு 500, 600 டாலருக்குள் நிற்கும். அதே பதினோராயிரத்தை ரோத்தின் மாற்றிய பணத்திலிருந்து எடுத்தால் தண்டம் 1,100. பணம் இல்லை என்பதற்காகக் கணக்கையே கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். கொடுக்காததற்கான அபராதம் மாதம் 5 சதவீதம். ஃபார்ம் 4868 கொடுத்தால் கணக்குக் கொடுக்க அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும், பணம் கட்டுவதற்குக் கிடைக்காது.

விழுந்த பங்குகள் ரோத்துக்குள் இருப்பதால் அந்த நட்டத்தை எங்கும் காட்ட முடியாது. அதே பங்குகள் உங்கள் சாதாரண முதலீட்டுக் கணக்கிலும் இருந்து, அங்கே நட்டத்தில் விற்று 3,000 டாலர் வரை கழிக்கலாம் என்று நினைத்தால், விற்பதற்கு முன்னும் பின்னும் 30 நாள்களில் ரோத்தில் அதே பங்கை வாங்காதீர்கள். டிவிடெண்டு தானாக மறுமுதலீடு ஆவதும் வாங்குவதுதான். வாங்கினால் அந்த அளவுக்கு நட்டக் கழிவு நிரந்தரமாக அழியும் என்று 2008-லேயே ஐ.ஆர்.எஸ். தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி உங்கள் மனைவியின் 7,000. இதில் நல்ல செய்தி இருக்கிறது. உங்களிடம் சொன்னவர்கள் விட்டுவிட்ட விதி ஒன்றும் இருக்கிறது. ரோத்தில் நேரடியாகப் போடத் தகுதி உண்டா என்று பார்க்கும் வருமானத்தில், ரோத்துக்கு மாற்றிய தொகை சேராது. சட்டமே அதைத் தள்ளிவைத்துவிட்டது. எனவே பார்க்கவேண்டிய எண் 3,61,000 இல்லை, 2,41,000. 2025-ல் தம்பதிகளுக்குத் தகுதி 2,36,000-ல் குறையத் தொடங்கி 2,46,000-ல் முடிகிறது. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். 5,000 தாண்டியிருப்பதால் 7,000-ல் பாதி போகிறது: 3,500 சரி, 3,500 அதிகம்.

அதைத் திருத்துவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். 2025-ல் உங்கள் மருத்துவக் காப்பீடு அதிகக் கழிவுத்தொகை (காப்பீடு தருவதற்கு முன் நீங்கள் கைக்காசிலிருந்து கட்டுவது) கொண்ட, மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பான எச்.எஸ்.ஏ. கணக்குக்குத் தகுதியான திட்டமாக இருந்ததா? குடும்பத்துக்கான வரம்பு 8,550. அதை முழுவதும் போட்டிருக்காவிட்டால் 2026 ஏப்ரல் 15 வரை 2025-க்காகப் போடலாம். 5,000 போட இடம் இருந்தால் வருமானம் 2,36,000-க்கு இறங்கிவிடும். மனைவியின் 7,000 முழுவதும் சரியாகிவிடும். கூடவே 24 சதவீதப் படியில் 1,200 டாலர் மத்திய வரியும் மிச்சம். நியூ ஜெர்சி மட்டும் எச்.எஸ்.ஏ. கழிவை ஏற்பதில்லை. உங்களுக்கு இந்த வழி திறந்திருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள். கையிருப்பு குறைவாக இருக்கும்போது 5,000 எங்கே என்று கேட்பீர்கள். தவணைத் திட்டத்தின் அளவை அந்த 5,000-த்துக்கு அதிகப்படுத்தினாலும் இது லாபமே.

அந்த வழி இல்லை என்றால் அதிகமான 3,500-ஐ ரீகேரக்டரைஸ் செய்யலாம். இதற்கு இன்றும் சட்டத்தில் இடம் உண்டு. அதாவது, முதல் நாளிலேயே டிரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.வில் போட்டதாகக் கணக்கை மாற்றுவது. கெடு ஏப்ரல் 15. வரிக்கணக்கைத் தேதிக்குள் கொடுத்துவிட்டால் 2026 அக்டோபர் 15 வரை. 3,500-ஐ மட்டும் நகர்த்தினால் போதாது. அது ஈட்டிய வளர்ச்சியும் கூடப் போகவேண்டும். எடுத்துக்காட்டாக, பிப்ரவரியில் பணம் போடும்முன் அவர் ரோத்தில் 21,000 இருந்தது, போட்டபின் 28,000, இன்று 32,200 என்று வைத்துக்கொள்வோம். இடையில் வேறு போக்குவரத்து இல்லை. வளர்ச்சி 4,200, 28,000-ல் அது 15 சதவீதம். 3,500-க்கு 525. ஆக, 4,025 டாலர் நகரும். கணக்கு முழுவதும் எப்படி வளர்ந்தது என்பதுதான் இதில் அளவுகோல். அந்த 3,500-ல் எந்தப் பங்கு வாங்கினார் என்பது பொருட்டில்லை. நட்டம் என்றால் குறைந்த தொகை போகும். இதைக் கணக்கு நிறுவனமே கணக்கிடும். நீங்கள் போட்ட தேதி, தொகை, எந்த வருடத்துக்கு என்ற மூன்றையும் படிவத்தில் சரியாக எழுதவேண்டும். காசோலையாக வாங்கி மறுபடி போடாதீர்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாகவே நகரவேண்டும்.

உங்கள் இருவருக்கும் அலுவலக ஓய்வுத் திட்டம் இருந்தால் இந்த வருமானத்தில் டிரெடிஷனல் பணத்துக்குக் கழிவு கிடைக்காது. அதனால் மனைவியின் பெயரில் 2025-க்கு ஒரு ஃபார்ம் 8606 கொடுத்து முதல் பகுதியில் 3,500 என்று பதிவு செய்யுங்கள். உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு 8606 போகும். கூட்டாகக் கணக்குக் கொடுத்தாலும் இது ஆளுக்கு ஒன்றுதான். எப்போது போட்டார், எப்போது எவ்வளவு நகர்ந்தது, அதில் வளர்ச்சி எவ்வளவு என்று நான்கு வரியில் ஒரு விளக்கக் குறிப்பும் இணைக்க வேண்டும். இந்த நகர்வுக்கான 1099-ஆர், 7-ஆம் பெட்டியில் ஆர் என்ற குறியோடு 2027 ஜனவரியில்தான் வரும். அப்போது அதைப் பார்த்துப் புதிய வருமானம் என்று எண்ணி வரி கட்டிவிடாதீர்கள்.

'டிரெடிஷனலுக்குப் போன 4,025-ஐ உடனே ரோத்துக்கு மாற்றிவிடுங்கள், வரி வராது' என்று யாரேனும் சொன்னால், மனைவியின் பெயரில் வேறு ஐ.ஆர்.ஏ. ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுடையது இங்கே சேராது. வரி கட்டிய பணத்தையும் கட்டாத பணத்தையும் கலந்தே கணக்கிடும் விகித விதி ஆளுக்கு ஆள் தனி. அவருக்கும் பழைய வேலையின் ரோல்ஓவர் ஐ.ஆர்.ஏ.வில் 42,000 இருக்கிறது என்று கொள்வோம். மாற்றிய வருடத்தின் டிசம்பர் 31 அன்று இருப்பதையும் மாற்றியதையும் கூட்டினால் 46,025. அதில் வரி கட்டியது 3,500 மட்டும், 7.6 சதவீதம். பாலில் தண்ணீர் கலந்தபின் ஒரு தம்ளரை மட்டும் பாலாக மொள்ள முடியாது. 4,025-ல் சுமார் 306 தான் வரியின்றிப் போகும், 3,719-க்கு வரி. இதைத் தவிர்க்க, அந்த 42,000-ஐ அவருடைய இப்போதைய கம்பெனியின் 401(கே)வுக்கு அனுப்பலாம். எல்லாத் திட்டங்களும் ஏற்பதில்லை, எச்.ஆரிடம் கேளுங்கள். விகிதக் கணக்கில் 401(கே) சேராது. 2026 டிசம்பர் 31-க்குள் ஐ.ஆர்.ஏ. காலியாகிவிட்டால் வரி 525-க்கு மட்டும். ஜனவரி 2-ல் காலியானால் பயனில்லை.

401(கே) ஏற்கவில்லை என்றால் ரீகேரக்டரைசேஷனை விட்டுவிட்டு, அதிகமான 3,500-ஐ வளர்ச்சியோடு திரும்ப எடுத்துவிடுவதே சுத்தமான வழி. கெடு அதேதான். 525-ஐ 2025 வருமானத்தில் சேர்க்கவேண்டும். வரி 126 மத்திய அரசுக்கு, கொஞ்சம் மாநிலத்துக்கு. முன்பு அந்த வளர்ச்சிக்கு 10 சதவீதத் தண்டமும் இருந்தது. 2022-ல் வந்த ஓய்வுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. இரண்டில் எதையும் செய்யாமல் விட்டால் 6 சதவீதம், அதாவது 210 டாலர், சரிசெய்யும்வரை ஒவ்வொரு வருடமும்.

மீதி இருக்கும் ரோல்ஓவர் பணத்தையும் 2026-ல் மாற்றலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், என் கருத்து: இருவரும் சம்பாதித்துக்கொண்டு நியூ ஜெர்சியில் இருக்கும்வரை வேண்டாம். இன்று 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்து, நாளை அதைவிடக் கூடுதலாக இருக்கும் ஒரு வரியிலிருந்து தப்புகிறோம் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. வேலை இடைவெளி வரும் வருடம், ஒருவர் ஓய்வு பெற்ற வருடம், வருமான வரி இல்லாத டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலத்துக்குக் குடிபோன வருடம் இவைதான் மாற்றத்துக்கு உரியவை. அப்போதும் ஜனவரியில் மாற்றாதீர்கள். திருப்பும் வசதி இருந்த காலத்தில் ஜனவரியில் மாற்றுவது புத்திசாலித்தனம். நீண்ட நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இன்று அந்த வசதி இல்லை. நவம்பரில் வருட வருமானம் கையில் தெரிந்தபின், வரிப் படியின் விளிம்பு வரை மட்டும், வரிக்கான பணம் வங்கியில் தனியாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். டிசம்பர் 31-க்குள் பணம் ரோத்தில் போய் விழுந்திருக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கோயம்புத்தூர் எண்ணம் இந்தக் கருத்தை இன்னும் வலுப்படுத்துகிறது. அமெரிக்க ஓய்வுக் கணக்குகளின் வருமானத்துக்கு இந்திய வரியைத் தள்ளிப்போடும் ஏற்பாடு 89ஏ பிரிவாக இந்திய வருமான வரியில் வந்தது. அது தள்ளிப்போடுவது மட்டுமே. ரோத் பணம் வரியற்றது என்று இந்தியச் சட்டத்தில் தனியாகச் சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் முழு வரி கட்டி வாங்கிய விலக்கு அங்கே செல்லாமல் போகலாம். டிரெடிஷனல் பணமோ, நீங்கள் இந்தியக் குடிவாசி ஆனபின், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவின்படி ஓய்வூதியமாக இந்தியாவில் மட்டும் வரிக்குட்படும் வாய்ப்பு உண்டு. மொத்தமாக எடுக்கும் தொகையை அது காக்குமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நீங்கள் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால் அமெரிக்க வரி தொடரும். பச்சை அட்டையை 15 வருடத்தில் 8 வருடம் வைத்திருந்து பின் ஒப்படைப்பவர்களுக்கு, சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டினால், வெளியேறும் வரி என்று ஒன்று வரக்கூடும், அப்போது ஐ.ஆர்.ஏ. முழுவதும் ஒரே நாளில் எடுத்ததாகக் கருதப்படும். இந்த எட்டு வருடக் கணக்கை இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மகள் 2027 இலையுதிர் காலத்தில் கல்லூரி சேருவார். அந்த வருடத்துக்கான உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா பார்ப்பது 2025-ன் வரிக்கணக்கை. உங்கள் சம்பளத்தோடு 1,20,000 கூடித் தெரியும். விண்ணப்பித்தபின் ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும், இது ஒரு முறை நடந்த ஓய்வுக் கணக்கு மாற்றம், கைக்கு வந்த வருமானம் இல்லை என்று எழுதி, 8606-ன் நகலையும் 1099-ஆரின் நகலையும் இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் விருப்பம். ஆனால் கேட்காதவருக்கு எந்தக் கல்லூரியும் தானாகக் குறைத்துத் தருவதில்லை.